ஹாம்பர்க்கில் சாப்பாடும் இரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் மிகப் பெரிய துறைமுகம் ஹாம்பர்க். படிக்க வருகிறவர்கள், வேலை கிடைத்து வருகிறவர்கள், பெர்லினிலிருந்து வார இறுதிக்கு ரயிலேறி வருகிறவர்கள் என்று பலரும் இந்த ஊரின் சாப்பாட்டைப் பற்றியும் இரவைப் பற்றியும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இரவு விடுதிகளுக்குப் பேர்போன ரீப்பர்பான் என்ற ஒரே தெருவாக ஹாம்பர்க்கைச் சுருக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும்.

மாலையில் எந்தப் பக்கம் போவது?

எல்பே ஆற்றங்கரையில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறை இருக்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தால் வழி எளிது. அதற்கு மேலே மேட்டில் சாங்க்ட் பவுலி, ரீப்பர்பான் அங்கேதான். வடக்கே கொஞ்சம் நடந்தால் மாணவர்களும் கலைஞர்களும் கூடும் ஷான்ஸெ, கரோலினன் பகுதிகள். மேற்கே ஆல்டோனாவும் ஒட்டன்ஸனும்: சின்ன உணவகங்கள், அமைதியான மதுக்கடைகள். மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் சாங்க்ட் கியோர்க். கிழக்கே பழைய செங்கல் கிடங்குகளின் ஷ்பைஹர்ஷ்டாட், அதை ஒட்டிப் புதிதாக எழுந்த ஹாஃபன்சிட்டி.

முதல் மாலைக்கு என் பரிந்துரை ஷான்ஸெ. ஷுல்டர்பிளாட் என்ற தெருவில் வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பழைய நாடக அரங்கு ஒன்று தெரியும். அதுதான் ரோட்டெ ஃப்ளோரா. 1989-இல் இடதுசாரி இளைஞர்கள் கைப்பற்றிய கட்டடம், இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

எத்தனை மணிக்குச் சாப்பிடப் போக வேண்டும்?

ஏழு மணிக்கு. சென்னையைப் போலப் பத்து மணிக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் பட்டினிதான். நிறைய உணவகங்களில் ஒன்பதரை, பத்து மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் முன்பதிவு இல்லாமல் நல்ல இடத்தில் மேசை கிடைப்பது கடினம். வாசலில் யாராவது வந்து உட்கார வைப்பார்களா, நாமே காலி மேசையில் அமரலாமா என்ற குழப்பமும் வரும். சாதாரணக் கடையென்றால் நாமே அமரலாம், ஆனால் மேசையில் 'ரிசர்வியர்ட்' அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரிக்கு மேல் பசித்தால் ரொட்டிக்குள் சுட்ட இறைச்சி வைத்துத் தரும் டோனர் கடைகள், பீட்சா துண்டு விற்கும் கடைகள் உண்டு. இறைச்சிச் சந்தைப் பக்கத்தில் எரிகாஸ் எக் என்றொரு பழைய உணவகம் இருக்கிறது. இரவு வேலை முடித்தவர்களும் கிளப் முடிந்து வருகிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஷ்னிட்செல் என்ற பொரித்த இறைச்சித் துண்டைச் சாப்பிடும் இடம் என்று பேர் வாங்கியது.

இந்த ஊருக்கே உரிய சாப்பாடு எது?

முதலில் ஃபிஷ்ப்ரோட்சென். மொறுமொறுப்பான சின்ன ரொட்டியைப் பிளந்து உள்ளே மீன், பச்சை வெங்காயம், கடையைப் பொறுத்து ஊறுகாய் வெள்ளரியோ சாஸோ வைத்துத் தருவார்கள். எந்த மீன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனை உப்பில் பதப்படுத்தினால் மாட்யெஸ். வினிகரில் ஊறவைத்தால் பிஸ்மார்க். இரண்டும் அடுப்பைப் பார்க்காதவை. அந்த மென்மையும் புளிப்பும் முதல் கடியில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மாவில் தோய்த்துப் பொரித்த பாக்ஃபிஷிலிருந்து தொடங்கலாம். வட கடலின் சிற்றிறால் வைத்ததும் உண்டு. விலை கூட, ருசியும் கூட. படகுத்துறையில் ப்ரூக்கெ 10 கடையின் ரொட்டிக்கு நல்ல பெயர். சீகல் பறவைகள் கையிலிருப்பதைக் கொத்திக்கொண்டு போகும், கவனம்.

அடுத்தது லாப்ஸ்கௌஸ். உப்புக்கண்ட மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து மசித்தது. பீட்ரூட் சேர்வதால் நிறம் இளஞ்சிவப்பு. மேலே ஒரு பொரித்த முட்டை, பக்கத்தில் ஊறுகாய் வெள்ளரி, சுருட்டிய ஹெர்ரிங். பார்க்க அழகாக இருக்காது என்பதை ஹாம்பர்க்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். மாதக்கணக்கில் கடலில் இருந்த கப்பல்களில் கெடாமல் இருந்தது உப்பிட்ட இறைச்சிதான். அதை எளிதாக விழுங்கும்படி மசித்துக் கொடுத்தார்கள். அந்தச் சரித்திரத்துக்காகவாவது ஒருமுறை சாப்பிட வேண்டும். மிக்கேல் தேவாலயத்துக்கு எதிரே உள்ள ஓல்ட் கமர்ஷியல் ரூம் இதற்குப் பெயர் பெற்றது.

மீன் உணவில் என் விருப்பம் பான்ஃபிஷ். வறுத்த மீன் துண்டுகள், வறுத்த உருளைக்கிழங்கு, கடுகுச் சாஸ். கடுகின் காரம் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஃபின்கன்வெர்டர் ஷொல்லெ என்பது ஒரு முழுத் தட்டை மீனைப் பன்றிக் கொழுப்புத் துண்டுகளோடு வறுத்தது. குளிர்காலம் முடியும் நேரத்தில் எல்பேயில் ஸ்டின்ட் என்ற சின்ன மீன் ஏறி வரும். பிடித்தவுடன் அதில் வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும். கம்பு மாவில் புரட்டி வறுத்துத் தருவார்கள், முள்ளோடு அப்படியே தின்னலாம். அந்தச் சில வாரங்களில் ஊரில் இருந்தால் தவறவிடாதீர்கள்.

காலையில் ஃப்ரான்ஸ்ப்ரோட்சென்: வெண்ணெயும் பட்டையும் சர்க்கரையும் சேர்த்துச் சுருட்டி அமுக்கிச் சுட்ட இனிப்பு ரொட்டி. எந்த பேக்கரியிலும் கிடைக்கும்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். ஷான்ஸெ, ஒட்டன்ஸன் பகுதிகளில் சைவமும் பால் கூடச் சேர்க்காத வீகன் உணவும் தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் பழைய ஜெர்மன் உணவகங்களில்தான். பெயரைப் பார்த்தால் சைவமாகத் தெரியும்: வறுத்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி சூப், பீன்ஸ். மூன்றிலும் ஷ்பெக் என்ற பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். 'ஓனெ ஷ்பெக்' என்று சொல்லிக் கேளுங்கள், அது இல்லாமல் என்று அர்த்தம். சூப் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்றும் கேட்டுவிடுவது நல்லது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பராகஸ் என்ற தண்டுக் காய்கறியின் காலம். அவித்த தண்டுகள், உருளைக்கிழங்கு, வெண்ணெய். முட்டை சாப்பிடுகிறவர்கள் வெண்ணெய்க்குப் பதில் ஹாலண்டேஸ் சாஸ் கேட்கலாம்.

காரசாரமாக, வயிறு நிறைய, ஹலாலாக வேண்டுமென்றால்?

மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டைன்டாம் தெரு. ஐரோப்பாவிலேயே ஆப்கானியர்கள் மிக அதிகமாக வாழும் நகரங்களில் ஹாம்பர்க் ஒன்று. அதனால் கேரட்டும் திராட்சையும் போட்ட காபூலி புலாவ், ஆட்டுக்கறி, தந்தூர் ரொட்டி எல்லாம் இங்கே அசலாகக் கிடைக்கும். துருக்கிய, ஈரானிய உணவகங்களும் வரிசையாக உண்டு. நிலையத்தைச் சுற்றிப் போதைப்பொருள் பழக்கத்தில் சிக்கியவர்கள் நிற்பதைப் பார்த்துச் சிலர் இந்தத் தெருவையே தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். பையைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். இரண்டு தெரு தள்ளி லாங்கெ ரைஹெ. ஓரினக் காதலர்களின் கஃபேக்களும் உணவகங்களும் பல காலமாக இருக்கும் தெரு, சாயந்திரம் உட்கார இதமான இடம்.

லாண்டுங்ஸ்ப்ரூக்கனுக்கு மேலே டிட்மார்-கோயல் தெருவில் போர்ச்சுகீசியர் பகுதி. 1964-இல் மேற்கு ஜெர்மனி போர்ச்சுகலோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களில் பலர் துறைமுக வேலைக்குச் சேர்ந்து அருகிலேயே குடியேறினார்கள். சுட்ட மத்தி, கணவாய், பாஸ்டெல் டி நாட்டா என்ற முட்டைக் கிரீம் இனிப்பு, பால் கலந்த கலாவோ காபி. இதே தெருவையொட்டி நார்டிக் நாடுகளின் மாலுமித் தேவாலயங்கள் நான்கும் நிற்கின்றன.

பில், டிப்ஸ், தண்ணீர்?

தண்ணீர் கேட்டால் காசு கொடுத்து வாங்கும் பாட்டில் தண்ணீர்தான் வரும். அதுவும் பெரும்பாலும் சோடா. வாயு இல்லாதது வேண்டுமென்றால் 'ஷ்டில்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். பில் தானாக வராது, கேட்டால்தான் வரும். சேர்ந்து போனவர்கள் தனித்தனியாகக் கொடுப்பது இங்கே மிகச் சாதாரணம், 'கெட்ரென்ட்' என்றால் பணியாளர் ஒவ்வொருவராகக் கணக்குப் பார்ப்பார். டிப்ஸ் ஐந்திலிருந்து பத்து சதவீதம். மேசையில் விட்டுவிட்டுப் போகாமல் கொடுக்கும்போதே தொகையைச் சொல்லிவிட வேண்டும். பில் 28 யூரோ என்றால், '30' என்று சொல்லி நோட்டை நீட்டினால் முடிந்தது. பழைய மதுக்கடைகள் சிலவற்றில் கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

ரீப்பர்பான் பாதுகாப்பானதா? பெண்களும் குடும்பமும் போகலாமா?

போகலாம், போகிறார்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவில் நாடக அரங்குகள், இசை அரங்குகள், உணவகங்கள், பாலியல் தொழில் விடுதிகள், காவல் நிலையம் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. சாங்க்ட் பவுலி தியேட்டர் 1841-இலிருந்து இருக்கிறது. ஷ்பில்பூடன்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஷ்மிட் தியேட்டரும் ஷ்மிட்ஸ் டிவோலியும். புதன்கிழமை மாலைகளில் அதே சதுக்கத்தில் உணவு வண்டிகளோடு இரவுச் சந்தை நடக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் அந்த மாலையில் வந்து பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பலாம்.

சனி இரவு ஒரு மணிக்கு மேல் நிலைமை வேறு. குடித்தவர்கள் கூட்டம், தள்ளுமுள்ளு, பிக்பாக்கெட். இங்கே ஆயுதத் தடை 2007-இலிருந்தும், வெள்ளி, சனி இரவுகளில் கண்ணாடி பாட்டில் தடை 2009-இலிருந்தும் இருக்கின்றன. டேவிட் தெரு மூலையில் இருக்கும் செங்கல் கட்டடம்தான் டேவிட்வாஹெ காவல் நிலையம். ஏதாவது நடந்தால் நேராக அங்கே போய்விடலாம். அவசர எண் 110, ஆம்புலன்ஸுக்கு 112.

ஏமாற்று நடக்கும் இடம் ஒன்று உண்டு: வாசலில் நின்று உள்ளே இழுக்கும் கவர்ச்சி நடன விடுதிகள். நுழைவு இலவசம் என்பார்கள். உள்ளே ஒரு பெண் அருகில் வந்து உட்கார்ந்து ஷாம்பெயின் கேட்பார், பில் நூற்றுக்கணக்கான யூரோவில் வரும். விலைப்பட்டியலைப் படிக்காமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

ஹெர்பர்ட் தெரு என்கிறார்களே?

இருபுறமும் தடுப்புச் சுவர் வைத்து மறைத்த சின்னத் தெரு. அந்தத் தடுப்புகள் 1933-இல் நாஜிகள் காலத்தில் வந்தவை. ஜன்னல்களில் அமர்ந்து பெண்கள் சட்டபூர்வமாகப் பாலியல் தொழில் செய்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டோரும் பெண்களும் உள்ளே வர வேண்டாம் என்று பலகை சொல்கிறது. வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது அவர்கள் வேலை செய்யும் இடம். போனை நீட்டிப் படமெடுப்பது அங்கே மட்டுமில்லை, ரீப்பர்பானில் நிற்கும் எந்தப் பெண்ணிடமும் செய்யக் கூடாத அவமரியாதை.

பீட்டில்ஸ் வாசித்த இடங்கள் இன்னும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. 1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து வந்த ஐந்து பையன்கள் முதலில் வாசித்தது க்ரோஸெ ஃப்ரைஹைட் தெருவின் இந்த்ரா கிளப்பில். பெயர் நம்மூர் இந்திரனுடையதுதான். தெருவுக்கு மேலே யானை உருவத்தில் ஒளி விளக்கு தொங்கியது. அங்கிருந்து கைஸர்கெல்லர், பிறகு டாப் டென், 1962-இல் ஸ்டார் கிளப். இரவுக்கு நான்கைந்து மணி நேரம் வாசித்தாக வேண்டும், கூட்டமோ மாலுமிகள். பாட்டு தீர்ந்துபோனால் புதிதாகக் கற்றே ஆக வேண்டும் என்ற அந்த நெருக்கடிதான் அவர்களைத் தேர்ந்த இசைக்குழுவாக ஆக்கியது என்று நான் நம்புகிறேன். குழுவில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது 17 வயது. வயது குறைவு என்று தெரிந்ததும் நவம்பரில் அவரை நாடு கடத்தினார்கள்.

இந்த்ராவும் கைஸர்கெல்லரும் இப்போதும் இசை நடக்கும் இடங்கள். ஸ்டார் கிளப் 1969-ன் கடைசி நாளோடு மூடிவிட்டது. 1967-இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் வாசித்த அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் மட்டும் இருக்கிறது. தெரு முனையில் பீட்டில்ஸ் சதுக்கம் 2008-இல் வந்தது.

பக்கத்திலேயே ஷ்முக் தெரு. பீட்டில்ஸ் ரசிகர்கள் கவனிக்காமல் கடந்துபோவார்கள். 1920-களில் சீன மாலுமிகள் உணவகங்களும் சலவைக் கடைகளும் வைத்திருந்த பகுதி அது. 1944 மே மாதம் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ சுமார் 130 சீனர்களைக் கைது செய்தது, பலர் சித்திரவதையில் இறந்தார்கள். அந்தக் குடியிருப்பு பிறகு மீளவே இல்லை. துறைமுக நகரத்தின் இரவைப் பேசும்போது இதையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நல்ல இசைக்கு எங்கே போவது?

ஃபெல்ட் தெரு பங்கரிலிருந்து தொடங்கலாம். 1942-இல் கட்டாயத் தொழிலாளர்களை வைத்துக் கட்டிய விமான எதிர்ப்புக் கோபுரம், மலைபோல் கான்கிரீட். அதற்குள்ளே ஊபெல் உண்ட் கெஃபேர்லிஹ் என்ற கிளப் இயங்குகிறது. தடித்த சுவர் இருப்பதால் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் போகாது. 2024-இலிருந்து அதன் உச்சியில் தோட்டமும், வெளிப்புறமாகச் சுற்றி ஏறும் பாதையும் உண்டு. ஏற காசு இல்லை. மாலை வெளிச்சத்தில் ஏறி ஊரைப் பார்த்துவிட்டு இரவுக்குக் கீழே வரலாம்.

ஜாஸ், சோல் வகை இசைக்கு மோஜோ கிளப். அதன் வாசல் நடைபாதையில் இருக்கிறது, தரைக்கதவு திறந்து படியிறங்கிப் போக வேண்டும். பழைய பாணி ஜாஸுக்கு காட்டன் கிளப். ஒட்டன்ஸனில் 1971-இலிருந்து இருக்கும் ஃபாப்ரிக், பெயருக்கேற்ப ஒரு பழைய தொழிற்சாலை. எலக்ட்ரானிக் இசைக்கு மீன் சந்தைக்கு மேலே கோல்டன் பூடெல். சின்னக் குடிசை மாதிரியான அது 2016-இல் தீயில் எரிந்தது. அடுத்த ஆண்டு திரும்பத் திறந்தார்கள். கிட்டார் இசைக்குழுக்களுக்கு மோலோடோவ். அது இருந்த கட்டடம் 2013 டிசம்பரில் இடிந்துவிடும் நிலைக்கு வந்து காலி செய்யப்பட்டது. பல இடம் மாறி இப்போது ரீப்பர்பான் 136-இல், 1961-இல் டாப் டென் இருந்த அதே கட்டடத்தில் இருக்கிறது.

வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில் இப்படிப்பட்ட சின்ன அரங்குகள் ஒவ்வொரு ஆண்டும் தாக்குப்பிடிப்பதே பெரிய பாடு. பேர் தெரியாத குழுவானாலும் சரி, 15 யூரோ கொடுத்து ஒரு நிகழ்ச்சிக்குப் போங்கள். அந்தக் காசு நேராக இசைக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும் போகிறது. செப்டம்பரில் நடக்கும் ரீப்பர்பான் விழாவில் பல நாட்டுப் புதிய குழுக்களை இதே அரங்குகளில் கேட்கலாம்.

கச்சேரி எட்டு மணிக்கு, நடனம் நள்ளிரவுக்கு மேல். அடையாள அட்டை அவசியம். உடை விஷயத்தில் ஹாம்பர்க் கெடுபிடி காட்டாது, ஷூவும் ஜீன்ஸும் போதும்.

என்ன குடிக்கிறார்கள்? குடிக்காதவர்களுக்கு?

பீரும் ஒயினும் 16 வயதிலிருந்து, ஸ்பிரிட் வகைகள் 18-இலிருந்து. ஊர்க்காரர் பீர் அஸ்ட்ரா. லேபிளில் நங்கூரமும் இதயமும். பீரோடு எலுமிச்சைச் சோடா கலந்தால் ஆல்ஸ்டர். சாங்க்ட் பவுலி கடைகளில் 'மெக்ஸிகானர்' என்று சின்னக் கிளாஸில் தக்காளிச் சாறும் மிளகாயும் மதுவும் கலந்து தருவார்கள். காரம் நிஜமாகவே உண்டு. காக்டெயில் பிரியர்கள் நகராட்சி மன்றத்துக்கு அருகே லெ லியோன் போகலாம். துளசி இனத்து பேசில் இலையை இடித்துச் செய்யும் ஜின் பேசில் ஸ்மாஷ் 2008-இல் அங்கே பிறந்து உலகமெல்லாம் போனது. சின்ன மதுக்கடைகளில் உள்ளே புகைபிடிக்க அனுமதி உண்டு. ஆஸ்துமா இருப்பவர்கள் நுழைவதற்கு முன் எட்டிப் பாருங்கள்.

குடிக்காவிட்டால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ எங்கும் கிடைக்கும். மது இல்லாத பீருக்கும் ஜெர்மனியில் நல்ல தரம்.

காசு அதிகம் செலவழிக்காமல் ஒரு மாலை கழிக்க முடியுமா?

தாராளமாக. லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலிருந்து 62-ஆம் எண் படகு ஏறுங்கள். சுற்றுலாப் படகு இல்லை, சாதாரணப் பேருந்து டிக்கெட்டே செல்லும். நொய்மூலன் துறையில் இறங்கினால் ஓவல்கோன்னெ மணல் கரை. கோடையில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மக்கள் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள், எதிர்க்கரையில் பெரிய கன்டெய்னர்களைக் கிரேன்கள் ஏற்றி இறக்கும். ஷ்ட்ராண்ட்பெர்லெ கடையில் ஏதாவது வாங்கலாம், வீட்டிலிருந்தும் கொண்டு போகலாம். காலி பாட்டில்களைக் குப்பையில் போடாமல் தொட்டியின் பக்கத்தில் வையுங்கள். அவற்றைச் சேர்த்துக் கடையில் கொடுத்து வைப்புத்தொகை வாங்கித்தான் சிலருக்கு அன்றைய சாப்பாடு.

1911-இல் திறந்த பழைய எல்பே சுரங்கப்பாதையும் நடப்பவர்களுக்கு இலவசம். 426 மீட்டர் நடந்து அக்கரையில் ஏறினால் விளக்கேற்றிய நகரம் முழுவதும் எதிரே தெரியும்.

இரவில் திரும்புவது எப்படி?

வெள்ளி, சனி இரவுகளில் யு-பான் என்ற மெட்ரோவும் எஸ்-பான் என்ற நகர ரயிலும் விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு இரவுப் பேருந்து. ரீப்பர்பானுக்கு எஸ்-பான் நிலையம் அதே பெயரில், யு3 பாதையில் சாங்க்ட் பவுலி நிலையம். ரயிலுக்குள் மது குடிக்கத் தடை, அபராதம் போடுவார்கள்.

ஞாயிறு காலை மீன் சந்தைக்கு என்ன சிறப்பு?

1703-இலிருந்து நடக்கிறது. கோடையில் காலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கி 9:30-க்கு முடிந்துவிடும். தேவாலய வழிபாட்டுக்கு முன் வியாபாரம் முடிய வேண்டும் என்று அன்று வைத்த ஏற்பாடு. மீன், பழக்கூடை, செடி என்று வியாபாரிகள் வண்டியின் மேல் நின்று தொண்டை கிழியக் கூவி விற்பார்கள். கடைசி அரை மணி நேரத்தில் விலை சரியும். 1896-இல் கட்டிய ஏலக் கூடத்தில் மேடை போட்டு இசைக்குழு வாசிக்கும். இரவு முழுக்க ஆடிவிட்டு வந்தவர்களும் அப்போதுதான் எழுந்து வந்த தாத்தா பாட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடுவார்கள். இலையுதிர், குளிர் காலங்களில் புயலடித்தால் எல்பே ஏறி இந்த இடம் முழுக்க நீரில் நிற்கும். கிளம்புமுன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்களில் வரலாம், எந்த நாட்களைத் தவிர்க்கலாம்?

மே மாதத் துறைமுகப் பிறந்தநாள் விழாவுக்குப் பாய்மரக் கப்பல்கள் வரிசையாக வரும், அறை வாடகையும் ஏறும். ஆண்டுக்கு மூன்று முறை ஹைலிகன்கைஸ்ட்ஃபெல்ட் மைதானத்தில் டோம் பொருட்காட்சி. வெள்ளி இரவுகளில் வாணவேடிக்கை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்குச் சீக்கிரமே கிளம்பலாம். ஆனால் டிசம்பர் 24 மாலையில் பெரும்பாலான கதவுகள் மூடியிருக்கும். புனித வெள்ளியில் பொது நடனத்துக்குச் சட்டப்படி கட்டுப்பாடு உண்டு. ஞாயிறுகளில் பல்பொருள் அங்காடிகள் திறக்காது. வீட்டுக்குத் தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.